அப்பாவின் துப்பாக்கிக்கு வாரிசு

"ஒங்க அப்பா துப்பாக்கி இங்கன ஸ்டேஷன்லயே கிடக்கும்மா. எப்பம் வந்து முடிச்சுக் குடுக்கப் போறிய?"

இந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் சிங்கப்பூரில், மருத்துவமனை ஆய்வகத்தில், ரத்தக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பேசியவர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் காவல் நிலைய ரைட்டர். என் அருகில் நின்ற சீனப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய்த்தான் பதில் சொன்னேன். நான் வாழும் நாட்டில் துப்பாக்கி என்பது தூக்குமேடை வரைக்கும் போகிற சமாச்சாரம்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் வாழையும் உண்டு. காட்டுப்பன்றியை விரட்ட அப்பா ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை முறையாக லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முறையும் அப்பா ஒப்படைத்தார். திரும்ப வாங்க அவர் இல்லை.

"வாரிசு நீங்க மட்டும்தான். ஒவ்வொரு ரினீவலுக்கும் அண்ணாச்சி ஒங்க பேரத்தான் போட்டிருக்காவ. மக தற்காலிகமாத்தான் வெளிநாட்டுல இருக்கா, சீக்கிரம் வந்துருவான்னு எழுதியிருக்காவ" என்றார் ரைட்டர். நான் சிங்கப்பூர்க் குடிமகளாகிப் பதினோரு வருடம் ஆகிறது. அதை அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை.

சொல்லத்தான் நினைத்தேன். காகிதம் கைக்கு வந்த வாரமே போன் செய்தேன். எடுத்ததும் அப்பா, "மேல் ரூம்புக்கு வெள்ளையடிச்சாச்சு, நீ வந்தா தங்குததுக்கு" என்றார். அந்தப் பேச்சை விட்டுவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகு எப்போது கேட்டாலும், "பாப்பா படிப்பு முடியட்டும்ப்பா" என்று ஒரே பாட்டைப் பாடினேன். பாப்பா படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். அப்பா விடாமல் கேட்டார், நானும் விடாமல் பொய் சொன்னேன்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். "மாமா நல்ல சொத்தாப் பாத்துத்தான் வச்சிட்டுப் போயிருக்காரு" என்று என் கணவர் வழியனுப்பினார். சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும்விட்டது.

முதல் நாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் லாட்ஜ். வீட்டில் எட்டு மாதமாகக் கரண்ட் இல்லை. வரவேற்பில் இருந்த பெரியவர், "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "அட, நம்ம பக்கந்தானா" என்று முகம் மலர்ந்தவர், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். "சிங்கப்பூர்னு போட்டிருக்கே. அப்பம் நீங்க ஃபாரினரு. ஒங்களுக்குத் தனி ஃபாரம் இருக்கு." ஒரு மணி நேரத் தூரத்தில் பிறந்தவள் நான். வெளிநாட்டவர் படிவத்தில் 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் பேனா நின்றது. 'உறவினரைப் பார்க்க' என்று எழுதிவிட்டேன். பார்க்க இருந்தவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார்.

பாஸ்போர்ட்டைத் திரும்ப அதன் பாலித்தீன் உறைக்குள் செருகினேன். அந்த உறைக்கு ஒரு கதை உண்டு. நான் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது ஓர் ஐப்பசி மாதம். கிளம்புகிற அன்று அடைமழை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பளம், மாத்திரை, செருப்பு என்று என் பையில் இருந்த ஒவ்வொன்றையும் யாரோ பாலித்தீனில் போட்டு நூலால் கட்டியிருந்தார்கள். விமான நிலையத்தில் பார்த்தால், சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பாஸ்போர்ட்டும் பாலித்தீனுக்குள். வரிசையை விட்டு விலகி அப்பாவுக்குப் போன் போட்டு, யார் கட்டியது என்று கேட்டேன். "பேச்சியம்மாதான். அவளுக்கு எழுத்தா தெரியும், கெடச்சதுக்கெல்லாம் கவரு போட்டுட்டா" என்று சிரித்தார். பேச்சியம்மா பக்கத்து வீட்டு அக்கா, அப்பாவுக்குச் சமைத்துப் போட்டவள். அப்பாடா என்று விமானம் ஏறினேன்.

இரண்டாம் நாள் காலை, இட்லியும் எள்ளுப் பொடியும் தின்றுவிட்டு ஊருக்கு பஸ் பிடித்தேன். முன் சீட்டில் இரண்டு பேர் காட்டுப்பன்றியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து ராத்திரி முப்பது வாழை போச்சு வே. கெழங்கத் தோண்டித் தின்னுட்டு, மரத்தச் சாச்சிப் போட்டுட்டுப் போயிருக்கு."

"வெடி போடலையா?"

"போட்டேன். தலையத் தூக்கி என்னப் பாத்துச்சி. நான்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன்."

சேரன்மகாதேவி தாண்டியதும் டயர் வெடித்தது. எங்கள் ஊரில், அதாவது சிங்கப்பூரில், பஸ் நின்றுபோனால் பத்து நிமிடத்தில் இன்னொரு பஸ் வந்துவிடும். அதுவரை அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இங்கே ஸ்டெப்னி மாட்டி முடிப்பதற்குள் மரத்தடியில் மூன்று கல்யாணப் பேச்சு ஓடிவிட்டது. கூடையில் வாழைப்பழம் வைத்திருந்த அம்மாள் எனக்கு இரண்டு பழம் கொடுத்து, "எங்கன போறிய?" என்று கேட்டார். "ஒரு துப்பாக்கி விஷயமா போலீஸ் ஸ்டேஷனுக்கு" என்றேன். கூடையைப் பைய இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

ரைட்டர் நல்ல மனிதர். டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றில் சுற்றியிருந்தது. வேட்டியை விலக்கியதும் துப்பாக்கி எண்ணெயும் வெடிமருந்தும் கலந்த அந்த வாடை வந்தது. எட்டு மாதமாக நான் எந்தப் போட்டோவிலும் காணாத அப்பா அதில் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரைட்டர் பார்க்காதது போல லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினார்.

"நம்பர ஒத்துப் பாக்கணும். நம்பர் எங்கன இருக்கு?" என்று குழலின் அடிப்பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து ஏடு ஏடாக அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

எனக்குப் புரிந்துவிட்டது. வருடாவருடம் ஆயுத பூஜைக்கு அப்பா மண்வெட்டி, அரிவாள், சைக்கிள், டார்ச் லைட், என் ஜியாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பார். துப்பாக்கிக்கு நெற்றி எது என்று அவரே ஒரு முடிவு செய்திருந்தார். நம்பர் வெட்டியிருந்த அந்தச் சமதளம்தான் நெற்றி. வைத்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்பதும் அவர் சட்டம். மற்ற நாட்களில் குழலுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் போடுகிறவர், அந்த ஓர் இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுவார். நாற்பது வருடத்துச் சந்தனம்.

ரைட்டர் பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். சந்தனம் போனது. அடியில் துரு தின்று, கடைசி மூன்று எண்கள் இருந்த இடமே தெரியவில்லை. "நல்ல பூசைதான் போங்க" என்று பேனாவை மூடினார். "புத்தகத்துல இருக்க துப்பாக்கி இதுதான்னு நான் எப்படி எழுத? கலெக்டர் ஆபீஸ்ல பழைய ஃபைல் இருக்கும். வாங்கினப்போ அடையாளமெல்லாம் எழுதியிருப்பாவ. நான் ஒரு கடிதம் தாரேன், அங்கன போய் எடுத்துட்டு வாங்க."

பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் என் முன்னால் வைத்தார். "லைசென்ஸ ஒங்க பேருக்கு மாத்துதியளா? வேண்டாம்னா, ஏன் வேண்டாம்னு காரணத்த எழுதிக் குடுத்துருங்க. கவர்மென்ட் எடுத்துக்கிடும்."

ஒரு வரி எழுத வேண்டும். நான் வெளிநாட்டுக் குடிமகள், இங்கே திரும்பி வந்து வாழப்போவதில்லை. அப்பாவின் காகிதக் கட்டில், 'என் மகள் வந்துவிடுவாள்' என்று அவர் எழுதியதற்கு மேலே அதைக் கொண்டுபோய் வைப்பார்கள். உயிரோடு இருந்தபோது முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாததை, செத்தபிறகு அவர் தலைமேல் எழுதி ஒட்டுவது மாதிரி இருந்தது. "யோசிச்சு நாளைக்கு எழுதுதேன்" என்று தாளைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மதியம் பேச்சியக்கா வீட்டில் சாப்பாடு. முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, கூழ்வத்தல். "நல்லாத் தின்னுட்டி. ஏன் இப்படி மெலிஞ்சி போயிட்ட?" என்று மேலே மேலே வைத்தாள். சாப்பிட்டபின் எங்கள் வீட்டைத் திறந்தோம். மேல் அறையில் சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"இது எப்பம் அடிச்சது, அக்கா?"

"போன வருசம் பொங்கலுக்குத்தான். நான் சண்ட போட்டேன். ஒங்களுக்கே கால் நடுங்குது, ஏணியில ஏறி என்னத்த வெள்ளையடிக்கியன்னு. எம் மக காந்தி வந்தா தங்குததுக்கு ரூம்பு வேண்டாமான்னு கேட்டாவ. ஒரு நாளாவது நீ வருவன்னு சொல்லாம இருந்ததில்ல, பாத்துக்க."

நான் ஜன்னலைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அலமாரியில் அப்பா சுட்ட காலித் தோட்டாக்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நினைவுக்கு ஒன்றைக் கொண்டுபோகலாம் என்று ஆசை. காலித் தோட்டாவோடு சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து, டப்பாவை மூடினேன். சொத்துக்கு ஒரே வாரிசு, ஒரு தகரத் துண்டைக்கூட எடுத்துப்போக வழியில்லை.

அங்கேயே அப்பாவின் மனு நகல்களும் ஒரு கட்டு இருந்தது. அப்பா மனு எழுதினால் வீட்டு விஷயம் பாதி உள்ளே வந்துவிடும். சாய்ந்த மின்கம்பத்தை மாற்றக் கேட்டு எழுதிய மனுவில், அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதும் கம்பத்தைப் பார்த்தால் அவளுக்குப் படபடப்பு வருவதும் எழுதியிருக்கும். அம்மா அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. படித்துப் படித்துச் சிரித்தோம், பேச்சியக்கா அழவும் செய்தாள்.

மூன்றாம் நாள் கலெக்டர் ஆபீஸ். கோப்பு வைத்திருந்த பிரிவில் பாத்திமா என்று ஓர் அம்மாள். மேலப்பாளையத்துக்காரர், என் வயதிருக்கும். ரைட்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு, "சந்தனத்தால நம்பர் போச்சா?" என்று இருமுறை கேட்டார். ஒரு மணி நேரம் உள்ளே தேடி, தூசி தட்டிக்கொண்டு கோப்போடு வந்தார். துப்பாக்கி வாங்கிய அன்றைக்கு எழுதிய அடையாளம் இருந்தது. கட்டையின் இடப்பக்கம் பிறை மாதிரி ஒரு வடு. அதை ஸ்டேஷனில் நானே பார்த்திருந்தேன். "அப்பம் வேல முடிஞ்சுது. வாரிசு விவரத்தையும் ஒரு தடவ பாத்துக்கிடுங்க" என்று கோப்பை என் பக்கம் திருப்பிவைத்தார்.

ஒவ்வொரு ரினீவலிலும் அப்பாவின் கையெழுத்து. 'ஒரே மகள், தற்காலிகமாக வெளிநாட்டில்.' அடுத்ததிலும் அதுவே. அதற்கு அடுத்ததிலும் அதுவே, எழுத்து மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது. கடைசியாக ஒரு கடிதம். நான் வந்துபோன ஐப்பசிக்கு அடுத்த கார்த்திகையில் எழுதியது. ஸ்டேஷன் நகலில் அது இல்லை.

'ஐயா, எனது வாரிசு விவரத்தில் ஒரு திருத்தம். என் மகள் காந்திமதி சிங்கப்பூர் நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டபடியால் அவளுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிராது. எனவே என் காலத்துக்குப் பின் அரசே அதை எடுத்துக்கொள்ளலாம். இதற்காக அவளை அவ்வளவு தூரத்திலிருந்து அலையவிட வேண்டாம். அவளுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். மேலும், இந்த விவரம் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. மழைக்காக அவள் பையைக் கட்டிக்கொடுத்தபோது பாஸ்போர்ட்டைப் பார்க்க நேர்ந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன். ஆகவே இது குறித்து அவளுக்குக் கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பேச்சியம்மா கட்டவில்லை. அப்பாதான் கட்டியிருக்கிறார். நான் பதறுவேன் என்று தெரிந்து, போனில் சிரித்துக்கொண்டே எனக்காக ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். எப்போ வரப் போற என்று அவர் கேட்டதெல்லாம், இப்போதாவது சொல்லிவிடு என்று கேட்டதுதான். நான் பாப்பா படிப்பு என்றேன், பிறகு பாப்பா வேலை என்றேன். அவர் சரி தாயி என்றார். நான் வரமாட்டேன் என்று தெரிந்தபிறகும் அந்த மேல் அறைக்கு மறுபடி ஏணி போட்டு ஏறியிருக்கிறார்.

அரசாங்க ஆபீஸில் நடுப்பகலில் வாய்விட்டு அழுதேன். பாத்திமா தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். வரிசையில் நின்ற இருவரிடம், "செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றார்.

வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். நான் சிங்கப்பூர்க் குடிமகள். துப்பாக்கிக்கு உரிமை கோரவில்லை. அதோடு நிறுத்த முடியவில்லை. இதை என் தந்தை உயிரோடு இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லப் பயந்தேன், அவருக்குத் தெரியும் என்பதை இன்றுதான் அறிந்தேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாத்திமா படித்தார். "மொத ரெண்டு வரி போதும்மா. மத்ததெல்லாம் இங்கன எதுக்கு?" என்றார். இன்னொரு தாளைக் கையில் எடுத்தவர், கோப்பில் இருந்த அப்பாவின் கடிதத்தைப் பார்த்தார். எடுத்த தாளைக் கீழே வைத்தார். "சரி, இருக்கட்டும். அவியளும் இப்படித்தான எழுதியிருக்காவ." என் தாளில் துளை போட்டு, அப்பாவின் கடிதத்துக்கு மேலே வைத்து, சேர்த்துக் கட்டினார்.

நான்காம் நாள் ஸ்டேஷனில் நான்கு கையெழுத்து. துப்பாக்கி இனி உடைக்கப் போய்விடும். ரைட்டர் வேட்டியை மடித்து என்னிடம் நீட்டினார். "இது கணக்குல இல்ல. நீங்க கொண்டு போங்க. ஆனா மருந்து வாடை நிக்கி. ஏர்போட்ல மெஷின் கத்திரும். நல்லா அலசிட்டுக் கொண்டு போங்க."

பஸ் வர நேரம் இருந்தது. சோப்பு வாங்கிக்கொண்டு தாமிரபரணிக்குப் போனேன். மாசி மாதம், தண்ணீர் முழங்கால் அளவுக்குத் தெளிந்து ஓடியது. வேட்டியை நனைக்குமுன் ஒருமுறை முகத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு முக்கினேன். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். நான் விமானத்தில் இருந்தேன். அப்பாவுக்கு என் கையால் செய்யக் கிடைத்தது இந்த ஒரு வேலைதான், அதுவும் அவர் வாடையைப் போக்குகிற வேலை.

சோப்புப் போட்டுக் கும்மினேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. "அப்பா, நான் வரமாட்டேன்ப்பா. அங்கயேதான் இருப்பேன். பதினோரு வருசம் முந்தியே கையெழுத்துப் போட்டுட்டேன். ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்ப்பா."

இரண்டு படி தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"யார்ட்டம்மா பேசுதிய?"

"எங்க அப்பாட்ட."

"சரி, பேசுங்க" என்று அவர் தன் துணிக்குத் திரும்பினார்.

அலசி மோந்து பார்த்தேன். வாடை இன்னும் கொஞ்சம் இருந்தது. மறுபடியும் சோப்புப் போட்டேன்.